லட்ச ரூபாய் பேனா: எழுத்துக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு?

குறிப்பேடு | 4 ஜனவரி, காலை

மான்ட்பிளாங்க் 149 என்ற மைப் பேனா இந்தியக் கடைகளில் லட்ச ரூபாயை ஒட்டி நிற்கிறது. பைலட்டின் எஃகு நிப் பேனா இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. ஐம்பது மடங்கு பணம் கொடுத்தால் எழுத்து ஐம்பது மடங்கு நன்றாக வராது, அது தெரிந்ததுதான். மீதிப் பணம் எங்கே போகிறது? தங்கத்துக்கா, கூலிக்கா? பத்தாயிரத்துக்கு மேல் கொடுப்பதெல்லாம் மூடியில் இருக்கும் வெள்ளை நட்சத்திரத்துக்குத்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

கடைசல் | 4 ஜனவரி, இரவு

தங்கக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 149-இன் நிப் 18 கேரட், நூற்றுக்கு 75 பங்கு தங்கம். அவ்வளவு பெரிய நிப்பே ஒரு கிராமைச் சுற்றித்தான் எடை வரும். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் அரைக்கால் சவரன்கூடத் தேறாது. 14 கேரட் நிப் என்றால் 58.5 பங்கு. செய்லர் என்ற ஜப்பானிய நிறுவனம் போடும் 21 கேரட்டில் 87.5 பங்கு. தங்கம் என்ன விலை விற்றாலும் பேனா விலையில் அது சிறு துண்டுதான்.

நிப்புக்குத் தங்கம் வந்ததே வேறு காரணத்தால். அந்தக் காலத்து இரும்பு மைகளில் அமிலம் அதிகம். சாதா எஃகு அரித்துப்போகும், தங்கம் தாங்கும். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. தாளைத் தொடும் நுனி எந்த விலைப் பேனாவிலும் தங்கம் கிடையாது. ருதேனியம், ஆஸ்மியம், இரிடியம், டங்ஸ்டன் போன்றவற்றில் சிலவற்றைக் கலந்த கடினமான சிறு மணி அது. நல்ல எஃகு நிப்பிலும் அதே வகை மணிதான் ஒட்டவைக்கப்படுகிறது. ஆகவே "தங்க நிப் தேயாது" என்று கடைக்காரர் சொன்னால், தேயாமல் இருப்பது அந்த மணி.

கூலி எங்கே ஏறுகிறது என்றால், மணியை ஒட்டிய பிறகு. தகட்டை உருட்டி, வெட்டி, முத்திரை அடித்து, வளைப்பதெல்லாம் இயந்திர வேலை. மணியைப் பற்றவைத்து, மெல்லிய சக்கரத்தால் நடுவில் பிளவு போட்டு, இரண்டு பாதியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, ஓரங்களை உருட்டித் தேய்ப்பதில்தான் கை வேண்டும். ஒரு நிப்புக்கு அந்தக் கை எத்தனை நிமிடம் செலவழிக்கிறது என்பதில்தான் விலையின் நியாயமான பகுதி இருக்கிறது.

மைக்கூடு | 5 ஜனவரி

கடைசல் அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். தங்க நிப் எழுதும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எஃகு விறைப்பாக நிற்கும். பணம் அந்தச் சுகத்துக்குத்தான் போகிறது.

கடைசல் | 5 ஜனவரி

தம்பி, அது பாதிதான் சரி. வளைவது உலோகத்தின் பெயரால் வருவதில்லை. தகட்டின் தடிமன், தோள்பட்டையின் அகலம், பிளவின் நீளம், பிளவு முடியும் இடத்தில் இருக்கும் மூச்சுத்துளை நுனியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பவை தீர்மானிக்கின்றன. இன்றைய பெரிய தங்க நிப்புகளில் பல நல்ல தடிமனாக வருகின்றன. விறைப்பில் அவை எஃகுக்குச் சளைத்தவை அல்ல.

கேரட் ஏற ஏற நிப் மென்மையாகும் என்பதும் கவனமாகக் கொள்ள வேண்டிய பேச்சு. மென்மை வேறு, துள்ளல் வேறு. 14 கேரட்டில் கலப்பு உலோகம் அதிகம், வளைத்துவிட்டால் திரும்பித் தன் இடத்துக்கு வரும். பழைய நெகிழும் நிப்புகளில் பெரும்பாலானவை 14 கேரட்டாக இருப்பது அதனால்தான். 21 கேரட்டை அழுத்தி எழுதினால் இரண்டு முனையும் விரிந்தபடியே நின்றுவிடும் அபாயம் கூடுதல்.

நேரே ஒப்பிட வழி இருக்கிறது. பெலிகன் நிறுவனத்தின் எம்200-இல் எஃகு நிப், எம்400-இல் 14 கேரட். இரண்டின் நிப் தொகுதியும் திருகாணிதான், ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குப் பொருந்தும். ஒரே உடல், ஒரே மை, ஒரே தாள். எம்200-இல் தங்க நிப்பைத் திருகி எழுதிப் பாருங்கள். வித்தியாசம் இருக்கும். விலையில் இருக்கும் இடைவெளி அளவுக்கு இருக்காது.

குறிப்பேடு | 6 ஜனவரி

அப்படியானால் என் கட்சிதானே ஜெயிக்கிறது?

மைக்கூடு | 6 ஜனவரி

அவசரப்படாதீர்கள், மை ஏற்றும் அமைப்பைப் பற்றி யாரும் இன்னும் வாயே திறக்கவில்லை.

மை அடைத்து வரும் சிறு குப்பியான கார்ட்ரிட்ஜ் முக்கால் மில்லி பிடிக்கும். அதே இடத்தில் செருகி மையை உறிஞ்சிக்கொள்ளும் சாதாரணக் கன்வெர்ட்டரும் ஏறக்குறைய அவ்வளவுதான். வாலைத் திருகினால் மையை உறிஞ்சும் பெரிய பிஸ்டன் பேனாக்கள் ஒன்றரை மில்லியைத் தொடும். பேனாவின் உடலே மைத்தொட்டி, அதனால் உடலுக்கும் பிஸ்டன் தலைக்கும் இடையில் தளர்வே இருக்கக் கூடாது. தளர்ந்தால் மை பின்பக்கம் ஏறும். இறுகினால் திருகும்போது முறுக்கு விழும். பெலிகன் 1929-இல் முதல் பேனாவைக் கொண்டுவந்ததே இந்தப் பிஸ்டனோடுதான். இன்று அவர்களின் எம்800, எம்1000 இரண்டிலும் பிஸ்டன் பொறி பித்தளை, அவற்றுக்குக் கீழே இருக்கும் மாடல்களில் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் பின்பக்கக் கனத்திலேயே தெரிந்துவிடும். எம்600-க்கும் எம்800-க்கும் உள்ள விலை இடைவெளிக்கு இது கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காரணம்.

பைலட் கஸ்டம் 823 வேறு வழி. பின்னால் இருக்கும் தண்டை இழுத்து ஒரே தள்ளில் கீழே இறக்கினால், முடிவில் வெற்றிடம் உடைந்து மை உள்ளே பாயும். ஒரே தள்ளில் தொட்டியின் பெரும்பகுதி நிறைந்துவிடும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வால்குமிழை முழுதாக மூடியிருந்தால் தொட்டிக்கும் நிப்புக்கும் இடையில் அடைப்பு விழுந்துவிடும். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் எழுதியதும் மை வற்றும். பேனா பழுது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள், பழுது ஒன்றும் இல்லை. நீண்ட நேரம் எழுதும்போது குமிழை இரண்டு மில்லிமீட்டர் தளர்த்தி வைக்க வேண்டும், அவ்வளவே. விமானத்தில் ஏறும்போது அதே அடைப்பு உங்களைக் காப்பாற்றும், அப்போது இறுக்கி மூடுங்கள்.

கடைசல் | 6 ஜனவரி

மைக்கூடு சொன்னதோடு லாமி 2000-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1966-இல் கெர்ட் ஆல்ஃபிரட் முல்லர் வடிவமைத்தது. உடல் மாக்ரோலான் என்ற பாலிகார்பனேட், நிப் 14 கேரட், மை ஏற்றப் பிஸ்டன். விலை 149-இல் நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான். தங்க நிப்பும் பிஸ்டனும் ஒரே உடலில் எந்த விலைக்குச் சாத்தியம் என்பதற்கு இதுவே அளவுகோல். இந்த விலைக்கு மேல் ஒரு பேனா கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அது தனிக் காரணம் காட்ட வேண்டும்.

இன்னொரு உதாரணம் மூடி. பிளாட்டினம் 3776 செஞ்சுரியில் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி ஒன்று நிப்பைக் கவ்விக்கொள்ளும். இரண்டு வருடம் எடுக்காமல் வைத்தாலும் மை காயாது என்பது நிறுவனத்தின் வாக்கு. அதே உள்மூடி முறை அவர்களின் பிரெப்பியிலும் இருக்கிறது, அது சில நூறு ரூபாய்ப் பேனா. மூடி திருகி ஒரு வாரம் கழித்து எடுத்தால் முதல் எழுத்து வராத பேனாக்கள் பல்லாயிரம் விலையிலும் உண்டு. நல்ல பொறியியல் விலையுயர்ந்த பேனாவில்தான் வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

அரக்கு | 8 ஜனவரி

இவ்வளவு பேசியும் ஜப்பானிய அரக்குப் பேனாக்களின் பக்கமே யாரும் போகவில்லை. விலைக்கு நேர்மையான விளக்கம் தேடினால் அங்கேதான் கிடைக்கும்.

உருஷி என்பது மரத்திலிருந்து வடிக்கும் பால். காற்றில் உலர்வதில்லை, ஈரத்தில் இறுகுகிறது. அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்ய ஈரப்பதம் 70 முதல் 85 சதவீதம், வெப்பம் 20 முதல் 25 டிகிரி வேண்டும். அதற்கென ஈரப்பெட்டி வைத்திருப்பார்கள். ஒரு பூச்சு, பெட்டிக்குள் வைத்து இறுகவிடுதல், கரித்துண்டால் தேய்ப்பு, அடுத்த பூச்சு. எபோனைட் என்ற கடினமான ரப்பர் உடலில் இப்படிப் பல அடுக்குகள். தடித்துப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே ஈரமாக நிற்கும், பின்னால் சுருக்கம் விழும். ஆகவே மெல்லியதாகத்தான் பூச முடியும், அதனால்தான் வாரங்கள் மாதங்களாகின்றன. இறுகாத உருஷி தோலில் பட்டால் கடுமையாக அரித்துத் தடிக்கும், இந்தத் தொழிலில் புதிதாக வருபவர்கள் பலரும் கடக்கும் கட்டம் அது.

மாக்கி-எ என்பது அதற்கு மேலே. அரக்கால் கோடு வரைந்து, அது ஈரமாக இருக்கும்போதே வலைகட்டிய குழாயிலிருந்து தங்கப் பொடியைத் தூவுவார்கள். மேலே மறுபடி அரக்கு, மறுபடி தேய்ப்பு. பைலட்டின் நமிக்கி பேனாக்களை 1930-இல் ஆல்ஃபிரட் டன்ஹில் நிறுவனம் லண்டன், பாரிஸ் சந்தைகளுக்குக் கொண்டுபோனது. பெரிய நமிக்கி எம்பரர் மாடல்களில் மாக்கி-எ செய்தால் விலை பல லட்சம். அங்கே நீங்கள் கொடுப்பது ஒரு மனிதரின் மாதங்களுக்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அச்சிட்ட மாக்கி-எ நிறைய வருகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸில் பாருங்கள். அச்சில் ஓரம் ஒரே சீராக, தட்டையாக, சில சமயம் புள்ளிப் புள்ளியாக இருக்கும். கைவேலையில் பொடித்துகள்கள் ஒன்றுக்கொன்று அளவில் மாறும், கோட்டின் தொடக்கமும் முடிவும் மெலியும். மெல்லிய கோட்டின் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தால் சிறு மேடு தெரியும். அச்சிட்டதற்குக் கைவேலை விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

குறிப்பேடு | 8 ஜனவரி

இது எனக்குப் புதிது. பத்தாயிரம் என்ற என் எல்லையைத் தளர்த்துகிறேன். ஆனால் 149-க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கடைசல் | 9 ஜனவரி

சொல்கிறேன். 149 வந்தது 1952-இல். நிப்பில் இருக்கும் 4810, மான்ட்பிளாங்க் மலையின் உயரம் மீட்டரில். மூடி நட்சத்திரம் அதன் ஆறு பனிப்பாறைகள். "விலைமதிப்புள்ள ரெசின்" என்று அவர்கள் சொல்வது நல்ல பளபளப்புள்ள பிளாஸ்டிக். கையில் சூடேறும், கீறல் எளிதில் விழாது, ஆனால் தரையில் விழுந்தால் விரிசல் விடும். மூடியின் வாயும் கழுத்தும் முதலில் போகும்.

நேர்மையாகப் பிரித்தால்: பெரிய 18 கேரட் நிப், பிஸ்டன், உள்வீட்டு நிப் தயாரிப்பு, வாங்கிய பின் குறிப்பிட்ட காலத்துக்குள் நிப் அளவை மாற்றிக் கொடுக்கும் வசதி, ஊர் ஊராக இருக்கும் கடைகளின் வாடகை, விளம்பரம், பெயர். முதல் மூன்றை வேறு நிறுவனங்கள் பாதி விலைக்கும் கீழே தருகின்றன. எனவே 149-இல் பெயரின் பங்கு பெரியது. அது தெரிந்து வாங்குகிறவர் ஏமாறவில்லை, எழுத்து இருமடங்கு சிறக்கும் என்று நம்பி வாங்குகிறவர்தான் ஏமாறுகிறார்.

பெயருக்கு விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். புதிய பேனாவில் பார்க்க வேண்டியவை: 149 பிஸ்டன் மட்டும்தான். கன்வெர்ட்டர் இருந்தால் அங்கேயே முடிந்தது. கிளிப் வளையத்தில் வரிசை எண் செதுக்கியிருக்க வேண்டும். கருப்பு ரெசினைப் பலமான வெளிச்சத்தின் முன் பிடித்தால் அடர் சிவப்பு தெரியும், போலி பெரும்பாலும் கருப்பாகவே நிற்கும். நிப்பில் 18 கேரட், 750 இரண்டும் தெளிவாக, ஆழமாக இருக்க வேண்டும். இதில் எந்த ஒன்றும் தனியாகப் போதாது, எல்லாம் சேர வேண்டும்.

மைக்கூடு | 9 ஜனவரி

பெயருக்கு விலை என்றதும் மான்ட்பிளாங்கின் 2009 காந்திப் பேனா நினைவுக்கு வருகிறது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு 241 பேனா. வெள்ளைத் தங்கம், மேலே நூல் நூற்பதைக் காட்டும் தங்க இழைச் சுற்று, விலை 11 லட்சத்துக்கு மேல். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டு, 2010-இல் நிறுவனம் வருத்தம் தெரிவித்து இந்திய விற்பனையை நிறுத்தியது.

காந்தி கேட்டுக்கொண்ட சுதேசிப் பேனா எது என்றால் ராஜமுந்திரியின் ரத்னம் பேனா. கோசூரி வெங்கட ரத்னம் 1930-களில் செய்தது. உள்நாட்டிலேயே செய்த பேனா வந்து சேர்ந்ததும் 1935-இல் காந்தி பாராட்டிக் கடிதம் எழுதினார். காந்தியின் பெயரை வைத்து ஒரு பேனா எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு அந்தக் கடிதத்தைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அரக்கு | 10 ஜனவரி

நம் பக்கத்தையும் சொல்லுங்கள். சாத்தூரில் குடிசைத் தொழிலாக எஃகு நிப் அடித்தார்கள். பால்பாயிண்ட் பேனா வந்து அந்தப் பட்டறைகளை ஒடுக்கியது. திருவள்ளூரில் ரங்கா இன்றும் எபோனைட் தண்டைக் கடைசலில் பிடித்துப் பேனா செய்கிறது, வெளிநாட்டவரும் தேடி வாங்குகிறார்கள். கையால் கடைந்த உடல், ஜெர்மனியின் யோவோ அல்லது போக் நிறுவனத்தின் நிப். விலை சில ஆயிரங்களில் தொடங்குகிறது. அதே யோவோ, போக் நிப்புகளைத்தான் ஐரோப்பாவின் பல "ஆடம்பர" முத்திரைகளும் தங்கள் சின்னத்தைப் பொறித்துப் போட்டுக்கொள்கின்றன. விலை உயர்ந்த பேனாவை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த நிப் யார் செய்தது?

கடைசல் | 10 ஜனவரி

அருமையான கேள்வி அது. பைலட், செய்லர், பிளாட்டினம் மூன்றும் தாங்களே செய்கின்றன. பெலிகன், மான்ட்பிளாங்க், லாமி, இத்தாலியின் அவுரோராவும் அப்படியே.

எபோனைட் சொட்டு மை பேனாவுக்கு ஒரு குறிப்பு. உடலுக்குள்ளேயே நேராக மை ஊற்றினால் இரண்டு மூன்று மில்லி பிடிக்கும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மை இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, நிப்பில் ஒரு சொட்டாக விழும். பேனா மோசம் என்று அர்த்தமில்லை, மறுபடி நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். கழுத்தின் மரையில் சிலிக்கான் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. வாசலின் வேண்டாம், ரப்பர் வளையத்தை அது ஊதவைத்துவிடும். கருப்பு எபோனைட்டை வெயிலில் வைத்தாலோ நீரில் ஊறவைத்தாலோ பச்சை கலந்த பழுப்பாக மங்கும்.

குறிப்பேடு | 12 ஜனவரி

இருபத்தைந்தாயிரத்துக்குள் ஒன்று வாங்கப் போகிறேன். கடையில் என்ன பார்க்க வேண்டும்? எழுதுவது பெரும்பாலும் தமிழ்.

கடைசல் | 12 ஜனவரி, இரவு

லென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். பத்து மடங்கு போதும்.

நிப்பை உங்களை நோக்கி நேராகப் பிடித்து நுனியைப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் ஒரு திசையில் மட்டும் கீறும். மையில் தோய்த்து எட்டு வடிவம் போட்டால் எந்தப் பக்கம் கீறுகிறது என்று உடனே தெரியும். உயர்ந்து நிற்கும் பாதியை நகத்தால் மெதுவாகக் கீழே அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைக்காரர் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து பிளவு. மூச்சுத்துளையிலிருந்து நுனிக்குப் போகப் போகக் குறுக வேண்டும். நுனியில் அகன்றிருந்தால் மை நுனிவரை வராது. துளையிலிருந்து நுனிவரை அழுந்திக் கிடந்தால் மை வறளும். வறட்சிக்கு மருந்து 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டைப் பிளவுக்குள் விட்டு மெல்ல உருவுவது. அதையும் பழகியவர் செய்யட்டும்.

மூன்றாவது, விலையுயர்ந்த நிப்புகளில்தான் அதிகம் வரும் கோளாறு. மிக வழவழப்பாக இருக்க வேண்டும் என்று மணியின் உள்ளோரங்களை அளவுக்கு மீறி உருட்டிவிடுவார்கள். பிளவு தாளைத் தொடாது. அறிகுறி: எழுத்தின் முதல் கோடு விழாது, சிறிது அழுத்தினால் விழும், வழவழப்பான தாளில் இன்னும் மோசமாகும். தேய்ப்புத் தாளால் சரிசெய்யலாம், ஆனால் உத்தரவாதம் போய்விடும். வாங்காதீர்கள், வேறு துண்டு கேளுங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று எழுதிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மைக்கூடு | 13 ஜனவரி

தமிழுக்கு நிப் அளவு பற்றி. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ணை, ழி, ஞா, இவற்றைச் சிறிதாக எழுதும்போது அகலமான, மை கொழிக்கும் நிப் சுழியை அடைத்துவிடும். எட்டு மில்லிமீட்டர் கோட்டுத்தாளில் சாதாரணமாக எழுதுகிறவருக்கு ஜப்பானிய எஃப் (மெல்லியது) அல்லது எம் (நடுத்தரம்) பொருந்தும். ஜப்பானிய எஃப் ஐரோப்பிய இஎஃப்புக்கு (மிக மெல்லியது) சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய எம் கையெழுத்துப் போட அழகாக இருக்கும், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். நுனியை நேராகத் தட்டையாக வெட்டிய ஸ்டப் நிப்பிலும் சிக்கல் உண்டு. நம் வளைவுகள் எல்லாத் திசையிலும் திரும்புவதால் தடிப்பும் மெலிவும் எதிர்பாராத இடத்தில் விழும். பெரிதாக எழுதினால் அழகு, சிறிதாக எழுதினால் குழப்பம்.

அரக்கு | 13 ஜனவரி

மை பற்றி இரண்டு வரி. இந்தியன் இங்க் ஒருபோதும் வேண்டாம், அதில் இருக்கும் ஷெல்லாக் காய்ந்துவிட்டால், நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் ஃபீட் திறக்காது. மை மாற்றும்போது அறை வெப்பத் தண்ணீர் போதும், வெளியே வரும் நீர் தெளியும் வரை. காய்ந்து ஒட்டியிருந்தால் ஒன்பது பங்கு நீர், ஒரு பங்கு வீட்டு அம்மோனியா, ஒரு துளி பாத்திரச் சோப்பு. சில நிமிடம் ஊறட்டும், பிறகு வெறும் நீரில் பல முறை. உருஷி பூசியவற்றிலும் வெறும் பித்தளை தெரியும் இடங்களிலும் அம்மோனியா படக் கூடாது. சூடான நீர் எதற்கும் வேண்டாம்.

கடைசல் | 14 ஜனவரி

கடைசி வரிக்கு ஒரு விலக்கு. எபோனைட் ஃபீட் நிப்போடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால், நிப்பையும் ஃபீட்டையும் மட்டும் 80, 90 டிகிரி நீரில் அரை நிமிடம் பிடித்து, வெளியே எடுத்ததும் இரண்டையும் விரலால் அழுத்தி ஆறவிட வேண்டும். பிளாஸ்டிக் ஃபீட்டில் இது பலிக்காது, சூடு மிஞ்சினால் உருகிக் கோணும். எது எது என்று தெரியாவிட்டால் வெளிச்சத்தில் பாருங்கள். எபோனைட்டில் கடைசல் கோடுகள் தெரியும், தேய்த்தால் கந்தக வாடை வரும். பிளாஸ்டிக்கில் அச்சில் ஊற்றிய விளிம்பு தெரியும்.

குறிப்பேடு | 17 ஜனவரி

ஒரே அலமாரியிலிருந்த லாமி 2000 மூன்றை லென்ஸில் பார்த்தேன். ஒன்றில் இடது பாதி தாழ்ந்திருந்தது, ஒன்றில் முதல் கோடு விழவில்லை, மூன்றாவது சரி. மூன்றாவதை வாங்கினேன். இஎஃப் நிப்.

கடைசல் | 17 ஜனவரி

அதன் இஎஃப் ஜப்பானிய எஃப்பைவிடக் கொஞ்சம் தடிப்பாகவே எழுதும், கவலைப்பட வேண்டாம். பேனாவைச் சற்றுச் சுழற்றிப் பிடித்தால் சட்டென்று கீறும். எழுதச் சுகமான கோணத்தை முதல் வாரத்தில் கண்டுபிடியுங்கள். கழுத்தைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு உலோக வளையம் இருக்கிறது. இரு பக்கமும் நீண்ட அதன் காதுகள்தான் மூடியைப் பிடிப்பவை. சுத்தம் செய்யும்போது அது தொட்டியில் விழுந்து சாக்கடைக்குப் போய்விட்டால் மூடி நிற்காது. வடிகட்டி ஒன்றைக் கீழே வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.